குட்டிக்கு ஊதிய மூச்சு

நெவென்கா நீளமான பஞ்சுக்குச்சியை மூக்குத் துளைக்குள் விட்டதும், லிஸ்கா தலையை உதறி அவள் கையைத் தட்டிவிட்டது.

குச்சி வைக்கோலில் விழுந்தது. இந்த ஒரு குதிரைக்கே இது மூன்றாவது குச்சி.

காலையிலிருந்து ஐந்து லாயங்கள் ஏறி இறங்கியாகிவிட்டது. சாவா ஆற்று வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆகியும் பாதையெல்லாம் சேறு. நெவென்காவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்ததற்குச் சேறு மட்டும் காரணமில்லை.

"இருங்க டாக்டரம்மா, நான் பிடிச்சுக்கறேன்." ரூஜா தலைக்கயிற்றைச் சுருக்கிப் பிடித்தாள். "இவளுக்குக் கூச்சம். எங்க வீட்டுல கூச்சப்படற ஒரே ஜீவன் இவதான்."

ரூஜாவின் கணவர் ஸ்லாவ்கோ இறந்து ஏழு வாரம் ஆகிறது. கறுப்பு உடுப்பின் மேல் அவருடைய பழைய கோட்டை மாட்டியிருந்தாள். கைகள் நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தாள்.

அவருக்கு முதல் நாள் காய்ச்சல். இரண்டாம் நாள் வெயிலில் கிடந்தவர்போல உடம்பெல்லாம் சிவந்தது. மூன்றாம் நாள் நகரத்து ஆஸ்பத்திரி. நான்காம் நாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் ரத்தத்தில் இருந்தது குதிரைகளிடம் இருக்கிற கிருமி என்று பிறகு தாள் வந்தது. எந்தக் குதிரை என்று பார்த்து எழுத வேண்டியது, அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவரான நெவென்காவின் வேலை.

லிஸ்கா மினுமினுவென்று இருந்தது. எட்டு வாரக் குட்டி அதன் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

நான்காவது குச்சி சரியாகப் போய் வந்தது. நெவென்கா அதைக் குழாய்க்குள் போட்டு மூடினாள்.

"இவகிட்டேயிருந்துதானா?"

"அநேகமா ஆமாக்கா. குதிரைக்கு அது பெருசா ஒண்ணும் செய்யாது. மனுஷ ரத்தத்துல இறங்கினா ஒரு விஷத்தை விடும். அந்த விஷம், உடம்புல இருக்கற காவல்காரங்க அத்தனை பேரையும் ஒரே நேரத்துல உசுப்பிவிட்டுடும். கிருமி செய்யறதைவிட, அவங்க போடற ரகளையிலதான் வீடு இடிஞ்சு விழுது."

ரூஜா தலைக்கயிற்றைத் தளர்த்தினாள்.

"அப்படியே அவரேதான். வேலிக்குள்ள ஒரு முயல் பூந்தா போதும், ஊரையே கூட்டிடுவாரு."

இருவரும் சிரித்தார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் சிரிப்பு தானாகவே நின்றுபோனது.

நெவென்கா நிரப்ப வேண்டிய தாளில் அடுத்த கேள்வி, தொற்றியது எப்படி என்பது.

அதை யாரையும் கேட்கத் தேவையில்லை. குட்டி பிறந்தபோது அதற்கு மூச்சில்லை. ஸ்லாவ்கோ அதன் மூக்கில் வாய்வைத்து ஊதி ஊதி உயிரைக் கொண்டுவந்தார். ஊர் முழுக்கத் தெரிந்த கதை. அடக்கத்தன்றுகூட ஆளாளுக்கு அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். நெவென்கா அன்றைக்குக் கடைசி வரிசையில் நின்றாள். கையில் கொடுத்த ரக்கியா சாராயத்தைக் குடிக்காமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவள் கையுறைகளைக் கழற்றினாள்.

"அக்கா, அவரை ஊதச் சொன்னது நான். ஃபோன்ல."

ரூஜா திரும்பவில்லை. குதிரையின் பிடரி மயிரில் ஒட்டியிருந்த முள்விதையை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துப் போட்டாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"நீங்க ஃபோன்ல வந்தப்போ குட்டி எழுந்து நின்னுடுச்சு டாக்டரம்மா. அதுக்கு முன்னாலேயே அவரு ஊதி முடிச்சாச்சு. அவரு யாரைக் கேட்டு எதைச் செஞ்சிருக்காரு? நல்ல சேதி சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டது."

நெவென்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரூஜா அப்போதும் திரும்பவில்லை.

"ஆமாக்கா," என்றாள் நெவென்கா. "எனக்குத்தான் நினைவு பிசகிடுச்சு."

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வேறொரு குதிரையின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். யாரோ ஃபோனை அவள் காதருகே பிடித்திருந்தார்கள். வர முடியாது என்றாள். ஒரு துளையைப் பொத்துங்க, மற்றதில் ஊதுங்க, சளியைத் துப்புங்க, மறுபடி ஊதுங்க என்று பதினோரு நிமிடம் எண்ணிக் கொடுத்தாள். விட்டுவிடலாமா என்று அவர் இரண்டு முறை கேட்டார். கூடாது என்று இரண்டு முறையும் சொன்னாள்.

ஸ்லாவ்கோவின் இரண்டு கைகளும் குட்டியின் மேல் இருந்தன. அதனால் அந்தப் பக்கம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, நெவென்கா சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அவருக்குக் கத்திக் கத்தித் திருப்பிச் சொன்னது ரூஜா.