இடது பக்கம் இழுக்கிற கார்

“வண்டி இடது பக்கம் இழுக்குதுங்க” என்றார் மஸ்தான். ஸ்டியரிங்கில் இரண்டே விரல் வைத்திருந்தார். கார் நூல் பிடித்தாற்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த குரு, மடியில் வைத்திருந்த சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

“பிரேக்கு, ஸ்டியரிங் எல்லாமே புதுசு அத்தா. இனிமே வண்டியைக் குத்தம் சொல்ல முடியாது” என்றாள் மகள் உஸ்மா, குறுகலான பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு. “போன வாரம் வண்டியைத் திருப்பிக் குடுத்தப்பவே மெக்கானிக் முதசிர் இதே ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு ஒரு குறையும் இல்லைன்னான்.”

“செஞ்சவனைக் கேட்டா வேற என்ன சொல்லுவான்? பிரியாணி ஆக்கினவன் உப்பில்லைன்னு சொல்லுவானா?”

நாற்பது வருடத்துக் கார் அது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு. ஏழு மாதத்துக்கு முன் நல்லம்பள்ளிக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சில் அதைக் கொண்டுபோய் இடித்துவிட்டார் மஸ்தான். “நான் மிதிச்சேன், பிரேக் புடிக்கல” என்று அன்றைக்கே சொன்னார். உண்மையும் அதுதான்.

மறுநாளே உஸ்மா காரைத் தருமபுரிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டாள். வெளியே அதே பழைய உடம்பு; உள்ளே எஞ்சின் முதல் ஏசி வரை எல்லாம் இந்தக் காலத்தது. விற்கத்தான் இத்தனை பாடு என்று மஸ்தானுக்கு அப்போதே பட்டது.

இன்று காலை இந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “இவரு குரு சாரு, சேலத்துல இருந்து வந்திருக்காரு. நீங்க வண்டி ஓட்டறதைப் பாக்கணுமாம்” என்றாள். மஸ்தானுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

எழுபத்தொரு வயது. கார் போய்விட்டால், ஜுமா தொழுகைக்குத் தருமபுரி போகவும், பாலக்கோடு தக்காளி மண்டியில் பழைய கூட்டாளிகளைப் பார்க்கவும், மகளுக்கு எப்போது நேரம் வாய்க்கும் என்று வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். அதற்கு முன் இந்த ஆளை விரட்டிவிட வேண்டும்.

“எந்நேரமும் இழுக்குதுங்களா, அப்பப்பவா?” என்று கேட்டார் குரு.

“அப்பப்பங்க.”

“காலையில அதிகமா, சாயங்காலமா?”

காருக்கு ஏது காலையும் சாயங்காலமும்! ஒன்றும் தெரியாத ஆள் என்று மஸ்தானுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. “காலையிலதாங்க ரொம்ப. வெயில் ஏறினா கொஞ்சம் பரவால்ல.”

நோட்டில் இன்னொரு வரி ஏறியது.

வாய்தான் குறை சொன்னது. முன்பெல்லாம் சேலம் போய் இறங்கினால் இரண்டு தோளும் விண்விண்ணென்று தெறிக்கும். இப்போது நினைத்த மாத்திரத்தில் ஸ்டியரிங் திரும்பியது, மிதித்த இடத்தில் வண்டி நின்றது. ஐந்தாவது கியரில் போனால் போவதே தெரியவில்லை. இதைப் போய் எவனோ ஒருத்தன் கையில் கொடுப்பதா?

“பிரேக்கை மிதிச்சா காலுக்கு ஒண்ணுமே தெரியலீங்க. பஞ்சை மிதிக்கற மாதிரி இருக்குது” என்றார்.

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார். “பஞ்சு மாதிரியா? ரெண்டு காலுக்குமா?”

“ரெண்டு காலுக்குந்தாங்க. கிளட்சும் அப்படித்தான் இருக்குது. எஞ்சின் சத்தமும் காதுல விழ மாட்டேங்குது. ஓடுதா, நின்னு போச்சான்னே தெரியல.”

“அத்தா, இதெல்லாம் ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?” உஸ்மாவின் குரல் தழுதழுத்தது. வியாபாரம் கெட்டுப்போகிறதே என்று அவளுக்கு வருத்தம் போலிருக்கிறது. மஸ்தானுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

தொப்பூர் கணவாய் இறக்கம் வந்தது. இடப்பக்கம் ஒரு சிமென்ட் லாரி முக்கி முனகி இறங்கிக்கொண்டிருந்தது. மஸ்தான் வேண்டுமென்றே ஸ்டியரிங்கை ஒரு மயிரிழை தளர்த்தினார். கார் லாரியைப் பார்க்கச் சாய்ந்தது.

“அத்தா!”

லாரியின் சக்கரத்துக்கும் கார்க் கதவுக்கும் நடுவே ஒரு சாண். நாற்பது வருடம் ஓட்டிய கைக்கு அந்த ஒரு சாண் எவ்வளவு என்று தெரியும். கடைசி நொடியில் வளைத்தார். கார் சொன்ன பேச்சைக் கேட்டு நேராக வந்தது.

“பாத்தீங்களா சார்? நான் ஒரு பக்கம் திருப்பறேன், அது ஒரு பக்கம் போவுது!”

குருவின் முகம் வெளிறிக் கிடந்தது. “ஓரமா நிறுத்துங்க ஐயா. மெதுவா... அவசரமே இல்ல” என்றார்.

நிறுத்தினார். குரு இறங்கி சீட்டை மடக்கிவிட, உஸ்மாவும் இறங்கினாள். இருவரும் காருக்குப் பின்னால் போய் நின்றார்கள். கண்ணாடியில் மஸ்தான் பார்த்தார். குரு நோட்டைக் காட்டி ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். உஸ்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாபாரம் முறிந்தது. மஸ்தான் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

உஸ்மா வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளங்கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்க அத்தா. வூட்டுக்கு நான் ஓட்டறேன்.”

“ஏம்மா அழுவற? புடிக்கலைன்னா போவட்டும் விடு. ஊருல வேற காரா இல்ல அவருக்கு? இது நம்ம வூட்டுலயே கெடக்கட்டும்.”

உஸ்மா அவரையே பார்த்தாள்.

“காரை யாரு விக்கறா? அவரு நரம்பு டாக்டரு அத்தா.”