நல்ல அலறல்

துப்பாக்கி முனை நெற்றியில் பட்டதும் டாம்சின் வாயைத் திறந்தாள். வேட்டுச் சத்தத்தோடு, அந்த உயரமான கூடம் முழுக்க ஓர் அலறல் நிறைந்தது. பிறகு கத்தரித்தாற்போல் நின்றது.

மேலாளர் அறையில் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிலிப்பா, 'கட்' சொல்லவே மறந்துபோனாள்.

வங்கிக் கொள்ளைப் படம். பர்ன்லியில் மூடிக் கிடந்த ஒரு கிளையை ஒரே ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கொள்ளையர்களின் முகமூடிகள் ஃபிலிப்பாவின் அம்மா பின்னிக் கொடுத்தவை.

படமே இந்த அலறலில்தான் தொடங்குகிறது. இன்று அமையாவிட்டால் மறுபடி எடுக்கவோ, பின்னால் குரல் சேர்க்கவோ காசில்லை. மூன்று வருடக் கனவு அத்தோடு முடிந்தது.

காலையிலிருந்து அமையவில்லை. கத்திக் கத்தி டாம்சினுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மதியம் சாண்ட்விச் வேண்டாம் என்பதைக்கூடக் கையால்தான் சொன்னாள். கடைசியாக ஒரே ஒரு முறை என்று ஃபிலிப்பா கெஞ்சியிருந்தாள்.

இப்போது ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். டாம்சின் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்ல வந்தாள். காற்றுத்தான் வந்தது.

"பேசாதடி. குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டே. போய்ச் சூடா டீ குடி."

ஒலிப்பதிவாளர் கெல்வின் திரும்ப ஓட்டிக் கேட்டுவிட்டு, மயிர்க்கூச்செடுக்கிறது என்றார். கொள்ளைக்காரனாக நடித்த ஓவன் காதைக் குடைந்துகொண்டே, வேட்டுச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது, செவிடனுக்குத் தனிச் சம்பளம் உண்டா என்றான்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு மிஸ்டர் ஹெப்வொர்த் வந்தார். வங்கிக்கு மேல்வீட்டில் மனைவியோடு குடியிருப்பவர்.

வேட்டும் அலறலும் கேட்டால் படப்பிடிப்புதான், போலீசைக் கூப்பிட வேண்டாம் என்று தெருவில் வீட்டுக்கு வீடு துண்டுச்சீட்டு போட்டிருந்தார்கள். அந்தச் சீட்டோடு மதியம் நேரில் வந்தவர் இவர் ஒருவர்தான். சண்டைக்கு வருகிறார் என்று ஃபிலிப்பா பயந்தாள்.

அவரோ தாழ்ந்த குரலில், மனைவி லின்னுக்கு ஊசி விழுந்தாலும் தூக்கம் கலைந்துவிடும் என்றார். அடுத்த அலறல் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். மூன்று மணிக்கு என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

இப்போது அவர் மேல்கோட்டு போட்டிருந்தார். ஒரு கையில் பயணப்பை. மறுகையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை மேசைமேல் வைத்தார்.

"முடிஞ்சுதா, கண்ணு?"

"முடிஞ்சுது சார். ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டோம். வீட்டுல கோவிச்சுக்கலையே?"

"லின்னா? அவ நல்லாத் தூங்கறா. மேல வந்து கதவை மட்டும் தட்டிடாதீங்க."

அவர் தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, தங்கமான மனுஷன் என்றாள் ஃபிலிப்பா. ஓவன் அதற்குள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டான்.

டாம்சின் டீக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தாள். நீயே கேள் என்று கெல்வின் ஹெட்போனை அவள் காதில் மாட்டினார். முழுவதும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கரகரத்த குரலில் மெல்லச் சொன்னாள்:

"எனக்குக் குரலே வரல. நீங்கதான் எதையோ போட்டீங்கன்னு நெனச்சேன்."