பழைய பதிவு பத்திரமாக இருக்கும்

"யாரு வேணா திருத்தலாம்னு கையேட்டுலயே போட்டிருக்கு. அப்புறம் ஏன் நீ திருத்தல?" என்று அண்ணி ஒருமுறை அவளிடம் கேட்டார்.

அப்போது மழுப்பிவிட்டாள். இன்று எப்படியாவது திருத்திவிடுவது என்று மடிக்கணினி முன் உட்கார்ந்தாள்.

குரல் பதிவில் உள்ள இரைச்சலை நீக்கும் இலவச மென்பொருள் ஒன்று. அதன் கையேட்டை ஆர்வலர்கள் கூடி எழுதினார்கள். அவளும் அதில் ஒருத்தி.

கையேட்டில் ஒரு வரி: 'சுத்தம் செய்' பொத்தானை அழுத்துங்கள், பழைய பதிவு பத்திரமாக இருக்கும்.

இருக்காது. அழுத்தினால் பழையது அடியோடு அழிந்துவிடும்.

மாலைக்குள் கையேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அந்த வரி அப்படியே ஊரெல்லாம் போய்விடும்.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நடுநாயகமாக ஒருங்கிணைப்பாளர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு விதியண்ணன் என்று பெயர்.

"திருத்த உங்களுக்கு முழு சுதந்திரம் இருக்கும்மா. பிழைப் பட்டியல்ல அதுக்கு இருக்கிற எண்ணை மட்டும் சொல்லுங்க," என்றார்.

அங்கேதான் முடிச்சு. இதே பிழையை இரண்டு பேர் ஏற்கெனவே புகாராகப் பதிந்திருந்தார்கள். முதல் புகாரை, 'இரண்டாவதில் உள்ளது' என்று விதியண்ணன் மூடினார். அதே நாளில் இரண்டாவதை, 'முதலாவதில் உள்ளது' என்று மூடியவள் அவள்தான். சேர்ந்த புதிதில் அப்படி ஒரு சுறுசுறுப்பு.

மூடிய புகாரின் எண் செல்லாது. புதிதாகப் பதியலாமா? கூடாது, ஏற்கெனவே பதிந்தாயிற்று.

மூடியதைத் திறக்கலாமா? தாராளமாக. பதிந்தவரே வந்து கேட்க வேண்டும்.

எழுதுகிறவர்களின் கையைக் கட்டக்கூடாது என்று ஒரு பெண் பொரிந்து தள்ளினாள். கட்டுவதே சுதந்திரத்தைக் காப்பாற்றத்தான் என்றார் ஒரு தாடிக்காரர். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. வரி இருந்த இடத்திலேயே இருந்தது.

"பதிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" விதியண்ணன் கடமைக்குக் கேட்டு வைத்தார்.

அவளுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, பாதி மடித்த போர்வையோடு வந்து குனிந்தார்.

"ரெண்டாவது புகார் நான் எழுதினதுதாங்க. எங்க வீட்டுக்காரர் பேசினதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. இரைச்சல் போகட்டுமேன்னு அழுத்தினேன். குரலும் சேந்து போயிடுச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இறந்த பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த அவன் குரல் அது. கேட்கத் தைரியம் வரட்டும் என்று இவ்வளவு நாளும் தள்ளிப் போட்டிருந்தாள்.

திரையில் எல்லா முகங்களும் கவிழ்ந்தன. தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதியண்ணன் திரைக்கு நெருங்கி வந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. இப்பவே திறந்துடறேன். விதிப்படி, பிழையை ஒருதடவை செஞ்சு காட்டணும். அதே குரல் பதிவை வச்சுக் காட்டினா போதும்."

அண்ணி போர்வையின் மறுபாதியையும் மடித்தார். அடுக்கின் மேல் வைத்து, சுருக்கத்தை நீவிவிட்டு, அறையை விட்டுப் போனார்.