தலையில் பூ வைத்த சிங்கம்

விகாரத்தில் புத்தரின் பீடத்தைத் தாங்கியிருந்த கல்சிங்கத்தின் பின்னால் ஒரு மான் வந்து ஒளிந்தது.

"அண்ணே, வேடன் துரத்துகிறான். நீங்கள் ஒரு தடவை கர்ஜித்தால் போதும், ஓடிவிடுவான்."

"புத்தர் பேச்சையே சிங்கநாதம் என்கிறார்கள், தம்பி. அந்தப் பெருமை போதாதா? நான் வேறு கத்த வேண்டுமா?"

"பெருமை கிடக்கட்டும், என் உயிர் போகிறதே!"

"அசைந்தால் தலையில் இருக்கும் பூ விழுந்துவிடும். தினமும் பூ வைப்பவனே அந்த வேடன்தான்."

வேடன் வந்தான். விகார வழக்கப்படி வில்லையும் செருப்பையும் வாசலில் விட்டான். முற்றத்தில் பூப் பறித்து வந்து, கண்மூடிக் கும்பிட்டான்.

அசைய மாட்டேன் என்ற சிங்கம் பூவுக்காகத் தலையைக் குனிந்தது.

மான் வாசலுக்குப் பாய்ந்து, வில்லைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் ஓடியது.