ஒதுக்கிய கறிவேப்பிலை

பால்கனியில் பத்மாசனி வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டி, இனி இலை தர முடியாது என்று கணீரென்று சொல்லிவிட்டது. அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

“ஏன், புளிச்ச மோர் ஊத்தலையா?” என்றாள் பத்மாசனி.

“மோருக்குக் குறையில்ல. நேத்து உங்க வீட்டுக்காரர் ரசத்துல கிடந்த என் இலையைத் தட்டு ஓரமா ஒதுக்கி வச்சார். கேமராவுல பாத்தேன். அவரே வந்து மன்னிப்புக் கேக்கணும்.”

கேமராவும் பேசும் கருவியும் பொருத்திய தொட்டி வாங்கிய எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். எதிர் பிளாட் புதினா தீபாவளியிலிருந்து மௌன விரதம்.

கணவர் தண்டபாணி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தொட்டி முன்னால் கைகட்டி நின்றார். பிரிட்ஜில் இருந்த பழைய ரசத்தில் ஓர் இலையைத் துழாவி எடுத்து, அது பார்க்கவே மென்று விழுங்கினார்.

“தப்புத்தாம்மா. இனிமே ஒதுக்க மாட்டேன். நீ இல்லாம ரசம் ஏது?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிக் குழைந்து பேசி பத்மாசனி கேட்டதில்லை. கடுகு கருகியது. அடுப்பை அணைத்துவிட்டுத் தொட்டிக் கடைக்கு போன் போட்டாள்.

“அந்தப் பேசுற கருவி மட்டும் தனியாக் கிடைக்குமாப்பா?”

“எந்தச் செடிக்கும்மா?”

“செடிக்கு இல்ல. எனக்கு.”