பழுதான நாள்

ஏறாவூரிலிருந்து வந்த மெக்கானிக் முதலில் உழவு இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அதன் பின்னால் கொளுவும் சிவப்புப் பெட்டியைத்தான் பார்த்தான்.

கொட்டிலுக்குள் நின்ற அதை இரண்டு தரம் சுற்றி வந்தான். குனிந்து, பெட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் இரும்புத் தண்டைத் தொட்டான். பிறகுதான் திருகுசாவிப் பையை அவிழ்த்தான்.

அவன் பெயர் றவூப். நாற்பது வயதிருக்கும்.

இயந்திரத்தின் சொந்தக்காரர் கந்தப்போடி அது ஏன் என்று கேட்கவில்லை. சண்டை முடிந்து சோதனைச்சாவடியில் கெடுபிடி தளர்ந்த ஆவணி மாதம் அது. ஒரு மெக்கானிக் வாவிப் பாலம் கடந்து மேற்கிலுள்ள படுவான்கரைக்கு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். கலப்பையையும் பெட்டியையும் எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ரோலிக் பம்ப் நின்றுபோய் இயந்திரம் எதையும் தூக்க மாட்டேன் என்கிறது. மழைக்கு முன் வயல்வட்டையை உழுதாக வேண்டும்.

கந்தப்போடியின் மனைவி இலட்சுமிப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்த தேநீரை, நோன்பு என்று சொல்லி றவூப் மறுத்தான். அவள் உள்ளே போனதும் கந்தப்போடி மருதமரத்தடியில் அமர்ந்தார்.

றவூப் இயந்திரத்தின் ஆசனத்தைக் கழற்றினான். எண்ணெயை வடித்தான். மேல்மூடியைச் சங்கிலி போட்டு மரக்கிளையில் தூக்கினான். உள்ளே கையை முழங்கை வரை விட்டு, பழைய பம்ப்பை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தான். புதியதை அதன் இடத்தில் இருத்தி இரண்டு பக்கமும் இரும்பு ஊசி அடித்து இறுக்கினான்.

மூன்று மணித்தியாலம் ஆனது.

மூடியை இறக்கிப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, இயந்திரத்தை இயக்கி நெம்புகோலைத் தள்ளினான். பின்னால் கலப்பையைத் தூக்கும் இரண்டு இரும்புக் கைகளும் தயங்காமல் மேலெழுந்தன. கந்தப்போடிக்கு மூச்சு வந்தது.

றவூப் இயந்திரத்தை நிறுத்தினான். கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணன், சுனாமிக்கு இந்தப் பெட்டியோட எழுவான்கரைக் கடலடிக்கு வந்தீங்களா?"

அந்த நாட்களைப் பற்றிக் கந்தப்போடி மனைவியிடம்கூடப் பேசியதில்லை.

"ஓம் தம்பி. கரையில நிண்டு மூண்டு நாள் பிரேதம் ஏத்தின நாங்க."

"நான் அப்ப கட்டார்ல," என்றான் றவூப். "என்ட பொஞ்சாதி றமீஸா தாய்ட வீட்டுக்குக் காத்தான்குடிக்குப் போயிருந்தவ. நான் வந்து சேர ஒம்பது நாள். அவட மையத்தக் காணல்ல, அடக்கின இடமும் தெரியல்ல. கால் முறிஞ்சு கிடந்த அயல் மனிசி ஒருத்தி கண்டிருக்கா, றமீஸாவச் சிவப்புப் பெட்டியில ஏத்தினத. படுவான்கரை மெசின் எண்டு மட்டும்தான் அவக்குத் தெரியும்."

சண்டையாலும் சாவடிகளாலும் ஐந்து வருடமாக அவனால் பாலம் கடந்து வீடு வீடாக விசாரிக்க முடியவில்லை. பாதை திறந்ததும், படுவான்கரையில் எந்த இயந்திரம் பழுதானாலும் தன்னையே அனுப்பும்படி உதிரிப்பாகக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தான். இது ஏழாவது இயந்திரம். சிவப்புப் பெட்டி இதுதான் முதல்.

கடற்கரையில் சவுக்குத் தோப்புக்குத் தெற்கே அவர்களைப் புதைத்த மணல்மேடு இருக்கிறது, தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகக் கந்தப்போடி சொன்னார். இப்போதே வேண்டுமானாலும் போகலாம் என்றார்.

றவூப் தலையாட்டினான். ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவன் கேட்க வந்தது அது மட்டுமல்ல என்று கந்தப்போடிக்குத் தெரிந்துவிட்டது.

"அவங்கள இறக்கினீங்களா, அண்ணன்? இல்லாட்டிப் பெட்டியக் கவுத்தீங்களா?"

கந்தப்போடி சாக்கின் மேல் கிடந்த பம்ப்பைப் பார்த்தார்.

"அண்டைக்குத்தான் இது பழுதாப் போச்சு, தம்பி. பெட்டி எழும்பவே இல்ல. ஒவ்வொராளாக் கையில ஏந்தித்தான் இறக்கின நாங்க. பொம்பிளைகளச் சேலையால மூடி, மெதுவாத்தான் வச்ச நாங்க."

பம்ப் நின்றது போன கிழமை.

அன்று அது குறையில்லாமல் வேலை செய்தது. முதல் நாள் முழுவதும் அவர்கள் கையால்தான் இறக்கினார்கள். இரண்டாம் நாள் பின்னேரம், கடல் மறுபடி வருகிறது என்று கத்திக்கொண்டு சனம் ஓடியது. கூட வந்திருந்த நான்கு பேரும் ஓடினார்கள். நிறைந்த பெட்டியோடு குழியின் ஓரத்தில் கந்தப்போடி தனியே நின்றார். நெம்புகோலைத் தள்ளினார். திரும்பிப் பார்க்கவில்லை. சரிந்து விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

கடல் வரவில்லை.

றவூப் குந்தியிருந்து பழைய பம்ப்பைக் கையில் எடுத்தான். எட்டு வருடம் இயந்திரங்களைத் திறந்து பார்த்தவன் அவன். அசையாமல் ஐந்து வருடம் கிடந்திருந்தால் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். இதில் எண்ணெய் இளக்கமாக விரலிடுக்கில் வழிந்தது. உள்ளே உடைந்திருந்த இடம் கறுக்காமல், புது உடைவாக வெள்ளையாய் மின்னியது.

அந்த இடத்தைப் பெருவிரலால் ஒரு தரம் தடவினான். கந்தப்போடி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓம் அண்ணன்," என்றான் றவூப். "பார்க்கவே தெரியுது. அஞ்சு வருசத்துப் பழுதுதான்."