மேல் தட்டுச் சுண்டெலிகள்

பேராசிரியர் சக்கரங்களுக்கு நேரே குனிந்தபோது, துடைத்த ஸ்டூலையே நான் மறுபடி துடைத்தேன்.

சிவப்பு விளக்கைப் போட்டு, எலிகளுக்காகப் பகலை இரவாக்கி வைத்திருக்கும் அறை. கீழ் இரண்டு தட்டுகளில் சுண்டெலிகள் ஓடிக்கொண்டிருந்தன. கூண்டுக்கு ஒரு சக்கரம். யாரும் விரட்டுவதில்லை, தீனியைக் காட்டி ஆசை காட்டுவதுமில்லை. அதுகளாக ஏறி அதுகளாக ஓடும்.

ஓட்டக்கார எலிக்கு ஓட்டக்கார எலியைச் சேர்த்து, குட்டிகளில் நன்றாக ஓடுவதைப் பொறுக்கி, மறுபடி சேர்த்து வளர்த்த வம்சம் கீழே. பொறுக்காமல் வந்தபடி வளர்ந்தவை மேல் இரண்டு தட்டில். கலந்துவிடக் கூடாதென்று முதல் நாளே அப்படிப் பிரித்துவிட்டார்கள்.

மேலே இருப்பவை ஏறிக் கொஞ்சம் ஓடிப் பார்க்கும், இறங்கிப் படுத்துவிடும். என் வீட்டுக்காரர் அந்த வம்சம்.

ஓடுகிற ஆசை ரத்தத்தில் வருகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. ஆய்வு மாணவி ஐந்து வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறாள். அவள் பெண் குழந்தை ஊரில், அவளுடைய அக்கா வீட்டில் வளர்கிறது. அக்கா பிள்ளைகளோடு சேர்ந்து அதுவும் இவளைச் "சித்தி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதாம். போன வாரம் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இன்று பேராசிரியர் அவளுடைய முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவள் ஊருக்குப் போகலாம். போடாவிட்டால் இன்னும் இரண்டு வருடம்.

முதல் நான்கு வருடம் மேலுக்கும் கீழுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. எட்டு மாதமாகத்தான் வந்திருக்கிறது. கீழே ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர், மேலே மூன்று.

என் வலது தோள் பிடித்துக்கொண்டும் எட்டு மாதம்தான்.

வாரம் ஒரு தடவை ஒவ்வொரு சக்கரத்தின் அச்சிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது என் வேலை. அச்சு கூண்டின் பின்பக்கம். மேல் தட்டென்றால் ஸ்டூலில் ஏறி, தலைக்கு மேலே கையை வளைக்க வேண்டும். உயிர் போய்விடும். அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். பதிவேட்டில் மட்டும் எல்லாத் தட்டுக்கும் டிக் அடித்துவிடுவேன்.

எண்ணெய் காய்ந்து சக்கரம் இறுகியதால்தான் மேலே ஓட்டம் குறைந்தது என்று போன மாதம்தான் எனக்கே உறைத்தது. அதற்குள் அவள் சந்தோஷத்தில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்து முடித்திருந்தாள். எனக்கு இரண்டு.

பேராசிரியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே மாதிரிதானே எண்ணெய் போடறீங்க?"

பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, கதவைச் சாத்தச் சொன்னார்.

மூலையில் அவள் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாங்க சார். ஒண்ணு விடாம போடறேன்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். என் டிக்குகள் பக்கம் பக்கமாக ஒழுங்காக நின்றன. அவள் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளிடம் ஒரு தலையசைப்போடு போய்விட்டார்.

ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். கால் வலி, தோள் வலி, எல்லாம் சேர்ந்து அமுக்கியது. பெற்றவளைக் குழந்தையிடம் அனுப்பத்தானே பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. இவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாத பெண். தெரிந்தால் அந்தத் தாளை இங்கேயே கிழித்துப் போட்டுவிடுவாள். அவளுக்கு ஆயுசுக்கும் தெரியக்கூடாது.

அவள் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், களைத்த குரலில் சொன்னாள்.

"நான் கிளம்பற வரைக்கும் மேல் தட்டுக்கு எண்ணெய் போட்டுடாதீங்கக்கா."